வெள்ளை ஒயர்

டாஷ்போர்டைக் கழற்றியதும் மடியில் விழுந்தது
நண்டு சிக்கிய வலை மாதிரி ஒரு சுருள்.
முத்தியால்பேட்டை ஷெட். பகல் பதினொன்று. கரண்ட் இல்லை.
நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு
ஸ்பிட்பயருக்குள் தலையை நுழைத்தேன்.
இரண்டே பேர் உட்காரும் வண்டி.
கழுத்து வலிக்கு மூன்றாவது இடம் கிடையாது.

கம்பெனி போட்ட ஒயரிடம் ஒரு நாணயம் உண்டு.
பழுப்பு என்றால் பேட்டரி. நீலம் ஹெட்லைட்.
பச்சை, மீட்டர் முட்களுக்கு.
வெள்ளை, சாவி திருப்பினால் உயிர் பெறுவது.
பிறகு வந்து குடியேறியவற்றுக்கு
நிறம் ஒரு பொருட்டே இல்லை.
மஞ்சளில் கிளம்பிச் சிவப்பில் போய்ச் சேரும் ஒன்று.
மிக்ஸி ஒயர். சீரியல் பல்பு ஒயர்.
டேப்பைக் கீறினால் அதற்குள் இன்னொரு டேப்,
அதற்குள் ஒரு தீக்குச்சி,
ஒன்றையொன்று தொடாதிருக்க யாரோ செருகியது.
கடற்காற்றில் செம்பு பச்சையாய்ப் பூத்திருந்தது.

வெட்டி, உருவி, தாள் ஒட்டி எழுதினேன்:
ஏர் ஹார்ன், இப்போது இல்லை.
கேசட் பிளேயர், இப்போது இல்லை.
பனி விளக்கு. பாண்டிச்சேரியில்!
இரண்டாவது ரிலே. மூன்றாவது ரிலே.
எதற்கென்றே தெரியாத ஓர் எர்த்.

அந்த எர்த்தின் முடிச்சை டார்ச்சில் பார்த்தேன்.
இரண்டு சுற்று, ஒரு மடக்கு.
என் முடிச்சு.
தொண்ணூற்றெட்டு, நடுராத்திரி, மிஷன் வீதி முனை.
நின்றுபோன வண்டிக்கு ஜெரார் ஐயா ஆள் அனுப்பியிருந்தார்.
பழுது எதுவும் தென்படவில்லை.
வெறுங்கையோடு திரும்பவும் மனசில்லை.
ஓர் எர்த் போட்டு ஐம்பது ரூபாய் வாங்கினேன்.
காலையில் கிளம்பிவிட்டதாம். எனக்கு நல்ல பெயர்.

மூன்று மணிக்குத்தான் அது கண்ணில் பட்டது.
காயிலுக்கு நேராகப் போகவேண்டிய வெள்ளை
பாதி வழியில் தரைவிரிப்புக்கடியில் இறங்கி
பக்கத்து சீட்டின் கீழ் ஒரு சுவிட்சைத் தொட்டுவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் திரும்பியிருந்தது.
பற்றவைப்பு மட்டும் வேறு கை:
ஈயம் இன்னும் மீன் கண்ணாய் மின்னியது.

"இது யார் வேலை மதாம்?"
மர்கரித் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"என் வேலைதான். தபால்ல ரேடியோ ரிப்பேர் படிச்சிருக்கேன்.
சர்ட்டிபிகேட் பீரோல இருக்கு."

அரியாங்குப்பம் பாலத்தில் ஒரு சைக்கிள்காரரின் முழங்கால்.
பணம் கொடுத்து முடித்தாயிற்று.
அடுத்த மாதமே கிளப்பிலிருந்து அதே தள்ளாட்டம், அதே சாவி.
"சாவிய ஒளிச்சா என்மேல கை ஓங்குவார்.
வண்டி கிளம்பலைன்னா வண்டியத்தானே திட்டுவார்."
குதிகாலால் ஒரு தட்டு. ரிக்‌ஷாவில் வீடு.
காலையில் அவர் எழுமுன் இன்னொரு தட்டு.

இருபத்திரண்டு வருஷம்.
தட்டுக்கொரு மெக்கானிக், மெக்கானிக்குக்கொரு ஒயர்.
இல்லாத வியாதிக்கு
நாங்கள் எத்தனை பேர் வைத்தியம் பார்த்திருக்கிறோம்.
அன்றைக்கு அந்த சீட்டில்
ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு
கடைசிவரை தெருவைப் பார்த்தபடியிருந்த முகம்
இப்போது ஞாபகம் வந்தது.

"ஐயாவுக்குத் தெரியுமா?"
"போன வருஷமா சாகுற வருஷமா, ஒருநாள் கேட்டார்.
இந்த வண்டிக்கு ஏன் என்னைப் பிடிக்கல மர்கரித்னு."
"நீங்க?"
"பிடிக்கும்னேன்."

சுவிட்சைக் கையில் வாங்கி
டக், டக் என்று இரண்டு முறை தட்டினார்.
"நல்லாத்தான் இருக்கு. ஆனா எடுத்துடு."

எடைக்குப் போட்டதில் நாலு கிலோ முந்நூறு.
என் எர்த்தும் அதில்தான் போயிற்று.
வெள்ளையை நேராக்கிப் பற்றவைத்தேன்.
மதாம் டார்ச் அடித்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை,
பிரித்து மறுபடி வைத்தேன்.

சாவி திருப்பியதும் கிளம்பியது.
எத்தனையோ வருஷமாய்ப் படுத்தே கிடந்த பெட்ரோல் முள்
நடுங்கி எழுந்து பாதியில் நின்றது.
மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன்.
பாதிதான் இருந்தது.